‘டென்ஷன் ஆகாதீங்க’ என்றால், எப்படி ஆகாமல் இருப்பது?

கேள்வி கேட்டிருப்பவர் திருநெல்வேலிப் பேட்டைக்காரர், வயது 36. வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். காலையில் வண்டியை எடுக்கும்போதே நெஞ்சு படபடப்பு, மத்தியானத்துக்கு மேல் மண்டையிடி, ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு, வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது. கடை முதலாளி ராத்திரி ஒன்பதரைக்கு அனுப்புகிற வாய்ஸ் நோட்டு, ரோட்டு நெரிசல், பிள்ளைகளின் பள்ளிக்கூட வேன், அம்மாவுக்கும் மனைவிக்கும் உரசல் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். இசிஜி எடுத்தாயிற்று, சர்க்கரை பார்த்தாயிற்று, எல்லாம் சரியாக இருக்கிறது. டாக்டர் ‘டென்ஷன்தான், டென்ஷன் ஆகாதீங்க’ என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார். அண்ணன் ‘சவத்த விடுலே’ என்கிறாராம். ‘எனக்குப் பெருசா ஒரு கஷ்டமும் இல்ல, டென்ஷன் ஆகாம இருக்கது எப்படி, மூச்சுப்பயிற்சி ஏதாவது உண்டுமா?’ என்று கேட்டுவிட்டு, கடைசியில் அரை வரி எழுதியிருக்கிறார்: ‘தங்கச்சி நகைய வச்ச விஷயம் வேற ஓடிக்கிட்டு கெடக்கு.’

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது மூச்சுப்பயிற்சி. அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் கேள்வியை இரண்டு மூன்று தடவை படித்தபோது, அதற்கு அடியில் வேறொரு கேள்வி கிடப்பதாகத் தோன்றியது. பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லாதவனுக்கு உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது, அப்படியென்றால் நான்தான் தெம்பில்லாத ஆளா என்ற கேள்வி. அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

நான் டாக்டர் இல்லை. மனநல சமூகப் பணி படித்தவள். பாளையங்கோட்டையிலும் ஆலங்குளம், அம்பாசமுத்திரம் பக்கமும் 22 வருடமாக ஆட்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் வேலை. மாத்திரையை மாற்றவோ நிறுத்தவோ என்னால் சொல்ல முடியாது. எழுதியதைப் படித்துவிட்டு உங்களுக்கு இன்னது என்று முத்திரை குத்தவும் முடியாது. மற்றபடி, இந்த நாலு தொந்தரவையும் இதே வரிசையில் சொன்னவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது.

முதலில் வார்த்தைகளைச் சரி பண்ணிக்கொள்வோம், ஏனென்றால் பாதிக் குழப்பம் அதிலேயே இருக்கிறது. பத்திரிகைகளில் ‘மன அழுத்தம்’ என்று ஒரே சொல்லை இரண்டு விஷயத்துக்கும் போடுகிறார்கள். ஒன்று ஸ்ட்ரெஸ், அதாவது நாம் டென்ஷன் என்று சொல்வது. இன்னொன்று டிப்ரெஷன், அதாவது மனச்சோர்வு. முன்னது பாரம். பின்னது நோய், பாரத்தை இறக்கி வைத்த பிறகும் போகாமல் நிற்கக்கூடியது. ‘பிரஷர்’ என்பது இந்த இரண்டும் இல்லை, அது கருவியில் அளக்கும் ரத்த அழுத்தம். ஆனால் ‘எனக்கு பிரஷர், அதனாலதான் கோவம் வருது’ என்று எத்தனை வீட்டில் கேட்கிறோம்! ‘நரம்புத் தளர்ச்சி’ என்று ஒன்று சுவர் விளம்பரங்களில் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். நம்ம ஊர் ஆச்சிமார் இதற்கெல்லாம் ஒரு நல்ல வார்த்தை வைத்திருந்தார்கள்: விசாரம். ‘ஏம்ளா, என்ன விசாரம்?’ என்றுதான் கேட்பார்கள். பதில் பெரும்பாலும் உடம்பைப் பற்றித்தான் வரும்: ‘மேலுக்கு முடியல.’ மனசைப் பற்றிக் கேட்டால் உடம்பைச் சொல்வது ஏமாற்று இல்லை. விசாரம் உடம்பில்தான் முதலில் தெரிகிறது.

உள்ளே நடப்பது இது. ஏதோ ஆபத்து என்று மூளை கணக்குப் போட்டதும், சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கு இரண்டு வழியில் செய்தி போகிறது. நரம்பு வழியாகப் போவது வேகமான தபால். சில நொடிகளில் அட்ரினலின் ரத்தத்தில் இறங்கிவிடும். இதயம் வேகமாக அடிக்கும், மூச்சு மேலேறும், குடலுக்குப் போகிற ரத்தம் குறைந்து கை கால் தசைக்குத் திரும்பும். வயிறு பிசைவதும் வாய் வறள்வதும் இதனால்தான். இரண்டாவது செய்தி மெதுவானது. மூளையில் இருக்கும் ஹைபோதாலமஸ், அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி என்று கைமாறி வந்து கார்ட்டிசால் என்ற ஹார்மோனைக் கிளப்பும். அது ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, நீண்ட சண்டைக்கு உடம்பைத் தயார் செய்யும். அடி, இல்லாவிட்டால் ஓடு என்கிற இந்த ஏற்பாட்டை அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915-லேயே விவரித்துவிட்டார். 1936-ல் மான்ட்ரியாலில் எலிகளை வைத்து ஆராய்ந்த ஹான்ஸ் செலியே, குளிர், காயம், விஷம் என்று எதைக் கொடுத்தாலும் உடம்பு ஏறக்குறைய ஒரே மாதிரி பதில் சொல்வதைக் கண்டார். ‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல் மருத்துவத்துக்குள் நிலைத்தது அவரால்தான். கார்ட்டிசால், விழித்தெழுந்த அரை மணி முக்கால் மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் இயல்பாகவே ஒரு ஏறு ஏறும். உங்களுக்குக் காலையில் வண்டியை எடுக்கும்போது படபடப்பு கூடுவதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

இதில் கெட்டது ஒன்றும் கிடையாது. ரோட்டில் நாய் குறுக்கே வந்தால் பிரேக் பிடிக்க வைப்பது இதே ஏற்பாடுதான். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டில் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோகிற கதை தெரியுமல்லவா? தொட்டி நிறைந்து, மாடியிலிருந்து தண்ணீர் சுவரோடு வழிந்து, பக்கத்து வீட்டு ஆச்சி சத்தம் போட்ட பிறகுதான் ஓடிப்போய் சுவிட்சை அணைப்போம். மோட்டார் நன்றாகத்தான் ஓடுகிறது, அணைக்கத்தான் ஆள் இல்லை. நாய் குறுக்கே வந்தால் பத்து நிமிடத்தில் உடம்பு தானாக அணைத்துவிடும். முதலாளி ராத்திரி ஒன்பதரைக்கு அனுப்புகிற வாய்ஸ் நோட்டை எப்போது அணைப்பது? அது முடிவதில்லை. மறுநாள் என்ன சொல்வாரோ என்று படுக்கையில் நினைக்கிற ஒவ்வொரு தடவையும் உடம்பு அதை மறுபடி நடப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. நினைத்து நினைத்துப் பார்ப்பதே இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் இறங்கவிடாமல் வைத்திருக்கிறது என்பது அளந்து பார்த்த விஷயம். இப்படி மாதக் கணக்கில் ஓடுவதால் உடம்பில் ஏறும் தேய்மானத்துக்கு, புரூஸ் மெக்யூவன் என்ற நரம்பியல் விஞ்ஞானி 1993-ல் இன்னொருவரோடு சேர்ந்து ‘அலோஸ்டாட்டிக் லோடு’ என்று பெயர் வைத்தார்.

‘பெருசா ஒரு கஷ்டமும் இல்ல’ என்று நீங்கள் சொன்னதற்கு வருகிறேன். 1967-ல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மருத்துவர்கள் வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களை வரிசைப்படுத்தி மதிப்பெண் போட்டார்கள். கணவனோ மனைவியோ இறந்தால் 100, கல்யாணம் 50, இப்படி. கல்யாணத்துக்கும் மதிப்பெண் உண்டு என்பதைக் கவனியுங்கள். நல்ல காரியமும் உடம்புக்கு வேலைதான், பெண்ணைக் கட்டிக்கொடுத்த எந்தத் தகப்பனையும் கேட்டுப் பாருங்கள். ஆனால் 1981-ல் ரிச்சர்ட் லாசரஸ் என்ற உளவியலாளரின் குழுவினர் நடுத்தர வயதுக்காரர்கள் நூறு பேரைப் பத்து மாதம் தொடர்ந்து கவனித்தபோது, மனத்தொந்தரவுகள் கூடுவதையும் குறைவதையும் முன்கூட்டிச் சொன்னது பெரிய சம்பவங்களைவிட அன்றாடச் சின்னச் சின்ன நச்சரிப்புகள்தான் என்று தெரிந்தது. பெரிய கஷ்டம் வந்தால் ஊர் கூடும். சொந்தபந்தம் சோறு கொண்டுவரும், கடையில் லீவு கொடுப்பார்கள். ஈரடுக்குப் பாலத்தடியில் வண்டி நகராமல் நிற்பதற்கும், பள்ளிக்கூட வேன் லேட்டானதற்கும், அம்மாவுக்கும் மனைவிக்கும் சாம்பார்ச் சட்டியில் தொடங்கிய உரசலுக்கும் யார் வந்து துக்கம் கேட்பார்கள்? நீங்கள் தெம்பில்லாத ஆளும் இல்லை, இது கற்பனையும் இல்லை. அந்தச் சந்தேகத்தை இத்தோடு விட்டுவிடலாம்.

ஒருத்தரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். முக்கூடல் பக்கத்து அக்கா ஒருவர், பீடி சுற்றுபவர். தோள்பட்டை வலி, மண்டையிடி என்று வந்தார். மருந்தெல்லாம் பார்த்தாயிற்று. ‘ஆயிரம் பீடி சுத்தணும்ல யம்மா, அதான் டென்ஷன்’ என்றார். கேட்ட எவரும் அதைத்தான் நம்புவார்கள், நானும் நம்பினேன். ஒரு நாள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மடியில் சுளவு, அதாவது முறம். தகட்டை வைத்துக் கத்தரிக்கோலால் இலையை வெட்டுகிறார், ஒரு சிட்டிகை தூளை வைக்கிறார், விரல் இரண்டு உருட்டு, நுனியை மடக்கி நூலைச் சுற்றினால் ஒரு பீடி முடிந்தது. வாய் பாட்டுக்கு என்னோடு பேசுகிறது. கண் இலையில்கூட இல்லை. தோள் தளர்வாக இருந்தது, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. முதுகு வலிக்கும், அது வேறு. ஆனால் டென்ஷன் அந்தச் சுளவில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தினசரிக் காலண்டரில் கிழிக்கிற தாளைத் தூரப்போடாமல், அதன் பின்பக்கத்தில் மண்டையிடி வந்தால் ஒரு கோடு, எத்தனை மணி என்று மட்டும் குறிக்கச் சொன்னேன். அவருக்கு எழுத வராது, கோடு போட வரும். மணியை மகள் எழுதினாள். மூன்று வாரம் கழித்துத் தாள்களைப் பரப்பி வைத்துப் பார்த்தால், கோடெல்லாம் செவ்வாய்க்கிழமை சாயங்காலத்தில் குவிந்து கிடக்கிறது. புதன் காலையில் குழுவுக்குப் பணம் கட்டும் நாள். அதுவும் ஒரு குழு இல்லை. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் இரண்டாவதாக ஒரு குழுவில் கடன் எடுத்திருந்தார். அதைச் சொல்லும்போதுதான் அந்த அக்காவின் தோள் முதல்முறையாகக் காதுவரை ஏறியதைப் பார்த்தேன். அப்புறம் நடந்தது சினிமா மாதிரி இல்லை. வீட்டுக்காரரிடம் சொன்னார், இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை, பிறகு அவர் கொஞ்சம் கட்ட ஆரம்பித்தார். கடன் முடிய ஒன்றரை வருடம் ஆயிற்று. மண்டையிடி முழுக்கப் போகவில்லை, ஆனால் செவ்வாய்க்கிழமை மற்றக் கிழமை மாதிரி ஆகிவிட்டது. நான் அவருக்கு முதலில் மூச்சுப்பயிற்சிதான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அதை அவர் ஒரு நாளும் செய்யவில்லை என்று பிறகுதான் சொன்னார்.

அதனால் உங்களுக்கும் முதலில் தாள். இரண்டு வாரம், படபடப்போ இடியோ வரும்போது நேரமும் அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்பதும் நாலு வார்த்தை. போனில் குறிக்காதீர்கள், குறிக்கப் போய் முதலாளியின் செய்தியைப் பார்ப்பீர்கள். காரணத்தை ஆராயவும் வேண்டாம், குறித்தால் போதும். எல்லா நேரமும் ஒரே மாதிரி இருப்பதாகத்தான் ஆளுக்கு ஆள் நினைப்பார்கள். தாள் வேறு மாதிரி சொல்லும். அதற்குப் பிறகு பட்டியலை இரண்டாகப் பிரிக்கலாம்: நம்மால் ஏதாவது செய்ய முடிந்தது, முடியாதது. போக்குவரத்து நெரிசல் முடியாதது. ஒன்பதரை மணி வாய்ஸ் நோட்டு, பேசிப் பார்க்காதவரை, முடிந்ததில்தான் சேரும். ‘அண்ணாச்சி, ராத்திரி அனுப்பினாலும் காலையில பாத்துத்தான் பதில் சொல்லுவேன், கணக்கு தப்பிரும்’ என்று ஒருத்தர் சொன்னதற்கு, ‘அதுக்கென்னடே, மறந்துரக் கூடாதுன்னுதான் அனுப்புதேன்’ என்று பதில் வந்ததை நான் அறிவேன். எல்லா அண்ணாச்சியும் அப்படி இருக்க மாட்டார்கள் என்பதும் தெரியும்.

இப்போது மூச்சு. ‘ஆழமாக மூச்சு இழுங்கள்’ என்று எல்லோரும் சொல்வதில் ஒரு தப்பு இருக்கிறது. படபடப்பில் இருப்பவர் ஆழமாக, அதுவும் வேகமாக இழுத்தால், ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும். ஐயோ இதென்ன என்று பயம் இரண்டு மடங்காகும். வேண்டியது ஆழம் அல்ல, மெதுவு. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் தணியும். வேகஸ் என்ற நரம்பின் வேலை அது. அதனால் விடுகிற மூச்சை நீளமாக்க வேண்டும். மூக்கு வழியாக நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை பைய விடுங்கள். ஒரு எண்ணுக்கு ஒரு விநாடி என்று வைத்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். தோள் ஏறக் கூடாது, வயிறு லேசாக எழும்பி இறங்கினால் சரி. ஐந்து நிமிடம் போதும். முக்கியமான விஷயம், இதைப் படபடப்பு வந்த பிறகு முதல்முறையாகச் செய்து பார்க்காதீர்கள். வெள்ளம் வரும்போதா நீச்சல் கற்றுக்கொள்வோம்? சும்மா இருக்கும்போது, ஒரே நேரத்தில், தினமும் பழகினால்தான் தேவைப்படும்போது கைகொடுக்கும். இது அந்த நேரத்துப் படபடப்பைத் தணிக்கும் என்பது உறுதி. கடனை அடைக்காது என்பதும் உறுதி. சிலருக்கு மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடும். அவர்கள் விட்டுவிட்டு, முகத்தில் குளிர்ந்த தண்ணீரை அள்ளி அள்ளி அடிக்கலாம். முகத்தில் குளிர்நீர் பட்டால் இதயத் துடிப்பு குறைவது எல்லா மனிதருக்கும் உள்ள அனிச்சைச் செயல்.

குளிர்ந்த தண்ணீர் என்றதும் குற்றாலம் கேட்பீர்கள். அருவியில் நின்றால் போகாத டென்ஷனா என்பது இங்கே வேதவாக்கு. நானும் சீசனுக்குப் போகிறவள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் தண்ணீரின் பங்கு எவ்வளவு, லீவின் பங்கு எவ்வளவு, கூட வந்த ஆட்களின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. திங்கட்கிழமை பழைய இடத்துக்குத் திரும்பினால் பழைய படபடப்பு காத்திருக்கும். அதைவிட நிச்சயமானது நடை. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாளைக்கு அரை மணி, வாரம் ஐந்து நாள். பதற்றத்தையும் மனச்சோர்வையும் உடற்பயிற்சி குறைக்கிறது என்பதில் இப்போது பெரிய சண்டை கிடையாது. பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம்தான் வேண்டும் என்று இல்லை. சாயங்காலம் கடையிலிருந்து கிளம்பும்போது வண்டியை வண்ணார்பேட்டையிலேயே விட்டுவிட்டு, சுலோச்சன முதலியார் பாலம்வரை நடந்து, தாமிரபரணியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து வண்டியை எடுங்கள். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு வரப்பு போட்ட மாதிரி இருக்கும். பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது பெரும்பாலும் வீட்டுக்குள் நுழைந்த முதல் கால் மணியில்தான் நடக்கிறது என்பது என் அனுபவம். ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன்.

டீ எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. கணக்கு எழுதுகிறவர், கடைவீதியில் இருப்பவர், ஐந்தாறு இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். டீ, காபியில் இருக்கும் காஃபின் உடம்பில் பாதியாகக் குறையச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஆறு மணி டீயில் பாதி ராத்திரி பதினொன்றுக்கும் உள்ளே இருக்கிறது. மத்தியானம் இரண்டு மணியோடு நிறுத்திப் பாருங்கள். ஒரேயடியாக விட்டால் அதற்கே மண்டையிடி வரும், அதனால் தினமும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். குடிப்பழக்கம் இருந்தால் அதையும் சொல்லிவிடுகிறேன்: படுத்ததும் தூங்க வைக்கும், பின்ராத்திரியில் தூக்கத்தைக் கலைக்கும். மூன்று மணி விழிப்பில் எத்தனையோ கேஸ் அதுதான். அப்படியில்லாமலும் பின்ராத்திரித் தூக்கம் எல்லோருக்கும் மெல்லியதுதான். அப்போது லேசாக விழிப்பது நோய் அல்ல. விழித்ததும் மணியைப் பார்த்து, ‘ஐயோ இன்னும் மூணு மணி நேரந்தானே’ என்று கணக்குப் போடுவதுதான் தூக்கத்தைத் துரத்துகிறது. கணக்கரிடம் கணக்குப் போடாதே என்று சொல்வது கஷ்டம்தான். மணிகாட்டியைத் திருப்பி வையுங்கள், போனை அடுத்த அறையில் வையுங்கள். இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால், எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது வந்து படுங்கள்.

விசாரத்துக்கு என்று நேரம் ஒதுக்குவதும் உண்டு. கேட்டால் சிரிப்பார்கள். சாயங்காலம் ஏழு மணிக்குக் கால் மணி நேரம் உட்கார்ந்து, கவலைப்பட வேண்டியதையெல்லாம் தாளில் எழுதிக் கவலைப்பட்டுவிட வேண்டும். மற்ற நேரத்தில் வந்தால் ‘ஏழு மணிக்கு வா’ என்று ஒத்திப்போட வேண்டும். 1980-களிலிருந்து சோதித்துப் பார்த்த முறை. வந்த கவலையை ‘நினைக்காதே’ என்று அமுக்கினால் அது துள்ளும், ‘அப்புறம் பார்க்கலாம்’ என்றால் பெரும்பாலும் கேட்கும். உங்கள் அண்ணன் சொன்ன ‘சவத்த விடு’ ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் இதுதான் காரணம். ஆனால் அவரோடு பேசுவதை விட்டுவிடாதீர்கள். ஆதரவாக ஒரு ஆள் இருப்பதைப் போல மருந்து குறைவு. ஒரே புலம்பலை ஒரே ஆளிடம் தினமும் சொல்லிக்கொண்டே இருப்பது மட்டும் நாளடைவில் பாரத்தைக் கூட்டும்.

சந்தேகமான சரக்குகளையும் சொல்ல வேண்டும். ரத்தத்தில் கார்ட்டிசால் பார்ப்பது சில பரிசோதனைத் திட்டங்களில் ‘ஸ்ட்ரெஸ் டெஸ்ட்’ மாதிரி விற்கப்படுகிறது. அட்ரினல் நோய்களைக் கண்டுபிடிக்க டாக்டர் கேட்கும் சோதனை அது. நாளுக்குள்ளேயே ஏறி இறங்குகிற ஹார்மோனை ஒரு தடவை அளந்து அன்றாட டென்ஷனைச் சொல்ல முடியாது, காசு மிச்சம். கைக்கடிகாரம் காட்டும் ஸ்ட்ரெஸ் எண் துடிப்பை வைத்துப் போடும் ஊகம். அதைப் பார்த்துப் பார்த்தே பதறுகிறவர்கள் வருகிறார்கள். அமுக்கராக் கிழங்கு, கடையில் அஸ்வகந்தா, சில சிறிய ஆய்வுகளில் கொஞ்சம் பலன் காட்டியிருக்கிறது, ஆனால் நீண்ட நாள் எடுத்தால் எப்படி என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை. அபூர்வமாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே வேண்டாம். கோபத்தைத் தலையணையில் குத்தித் தீர்ப்பது கோபத்தைத் தணிப்பதில்லை, வளர்க்கிறது என்றுதான் சோதனைகள் சொல்கின்றன. எதற்கெடுத்தாலும் டென்ஷன் என்று முடிப்பதிலும் ஆபத்து உண்டு. வயிற்றுப் புண் கவலையால் வருகிறது என்றுதான் மருத்துவ உலகமே ஒரு காலத்தில் நம்பியது. 1980-களில் ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைக் காட்டினார்கள். 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. கவலைப்படாதே என்று சொல்லி அனுப்பப்பட்ட எத்தனையோ பேருக்கு வேண்டியிருந்தது ஆன்டிபயாட்டிக்.

அதே காரணத்துக்காக, இசிஜி சரி என்றாலும், தைராய்டும் ரத்த அளவும் பார்க்கவில்லை என்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பு, கை நடுக்கம், எரிச்சல் எல்லாம் வரும். ரத்த சோகையிலும் நெஞ்சு அடிக்கும். நடக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சை அழுத்தி, வியர்த்து, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் மூச்சுப்பயிற்சி செய்துகொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எழுதிக் கொடுத்த மாத்திரையின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. அது துடிப்பைக் குறைக்கும் வகையாக இருந்தால், ஆஸ்துமா உண்டா என்று டாக்டர் கேட்டிருக்க வேண்டும், இருந்தால் சொல்லிவிடுங்கள். பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் போன்ற வகையாக இருந்தால், எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறதோ அத்தனை நாள்தான். சில வாரத்திலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும், பிறகு திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொண்டே இருப்பவர்களைப் பிறகு மீட்பதற்கு நாங்கள் படும் பாடு எங்களுக்குத்தான் தெரியும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சாப்பாடு தூக்கம் கெட்டு, மனசு இறங்கியே இருந்தால் அது டென்ஷனைத் தாண்டிவிட்டது. செத்துப்போனால் தேவலை என்று ஒரு தடவை தோன்றினாலும் காத்திருக்க வேண்டாம். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கியது, காசில்லை, இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே போனால் ‘கோட்டி’, அதாவது பைத்தியம், என்று சொல்லிவிடுவார்களோ என்று யோசிக்கிறவர்களுக்கு: அந்த வரிசையில் வாத்தியார், போலீஸ்காரர், புதுப் பொண்ணு எல்லோரையும் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக அந்த அரை வரி. கடை, வேன், நெரிசல், அம்மா, மனைவி என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, நகையை மட்டும் ‘வேற ஓடிக்கிட்டு கெடக்கு’ என்று ஓரமாகப் போட்டிருக்கிறீர்கள். என் ஊகம் தப்பாகவும் இருக்கலாம், தாள்தான் சொல்ல வேண்டும். ஆனால் மூன்று மணிக்கு விழிக்கும்போது முதலில் நினைவுக்கு வருவது எது என்று உங்களுக்குத் தெரியும். அவள் நகையை நீங்கள் அடகு வைத்தது தங்கச்சிக்குத் தெரியுமா? அவள் வீட்டுக்காரருக்கு? தெரியும் என்றால் பாதி பாரம் இல்லை. தெரியாது என்றால், அசல் எவ்வளவு, இதுவரை வட்டி எவ்வளவு, திருப்ப வேண்டிய கெடு என்றைக்கு என்று மூன்றே வரி ஒரு தாளில் எழுதுங்கள். ஊரார் கணக்கெல்லாம் எழுதுகிறீர்கள், இதை மட்டும் இன்னும் எழுதிப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். எழுதிய பிறகு அந்தத் தாளை அண்ணனிடம் காட்டலாமா, தங்கச்சியிடம் நேரே போகலாமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். அவர்கள் சுபாவம் எனக்குத் தெரியாது. கெடு ஒரு மாதத்துக்குள் என்றால் மட்டும் இரண்டு வாரத் தாளுக்குக் காத்திருக்காமல் இதை முதலில் செய்யுங்கள். மற்றதை, டீ உட்பட, அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.